பூங்குழல்மங்கலத்துக்குத் திரும்பிவந்த சிரிப்பு

நீர் வருவதும் வராதிருப்பதும் அவன் திருவுள்ளம் என்று கிடக்கும் அரசலாற்றின் தென்கரையில், தேனமர் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கும் பூங்குழல்மங்கலம் என்னும் ஊரில், மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் மாலையில், வடக்கு வீதி வீட்டுக்காரர் ஒருவர் தம் குடித்தனக்காரரிடம் வீட்டைக் காலி செய்யும்படி கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, பல்லியைத் தவிர வேறு எந்த உயிரும் இல்லாத இடத்தில், ஒரு பேருந்து கொள்ளும் அளவு மக்கள் ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். குடித்தனக்காரரும் பார்த்தார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணலேன்னா நடக்கறதே வேற," என்று வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். முன்னிலும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது. இம்முறை கைதட்டலும் சேர்ந்துகொண்டது. "சரி, பங்குனி போகட்டும், பாத்துக்கலாம்," என்று முனகிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

அதே நேரத்தில் கூடத்துத் தொலைக்காட்சியில் 'ஒன்பது பேர், ஒரு குளியலறை' என்னும் பழைய குடும்பத் தொடர், பல்லாண்டு உறங்கியபின் புதுக்கோலம் பூண்டு மறுபடி தொடங்கியிருந்தது. முன்னாளில் அது சிரிப்புத் தொடர். ஒன்பது பேர் கொண்ட குடும்பத்துக்குக் குளியலறை ஒன்றே. காலையில் அதன் கதவைத் தட்டுவதற்காகத் துண்டும் சோப்பும் ஏந்தி அவர்கள் படும் பாட்டைப் பார்க்கத் தமிழ்நாடே வாரந்தோறும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் சிரித்து, எங்கே சிரிக்க வேண்டும் என்று நாட்டுக்கு எடுத்துச் சொல்லும். இப்போது காலம் மாறிவிட்டதென்று கருதிய தொலைக்காட்சிக்காரர்கள் அதைச் சோகத் தொடராக்கினார்கள். அதே ஒன்பது பேர், அதே குளியலறை. ஆனால் உள்ளே போனவர் தாழிட்டுக்கொண்டு அழுதுவிட்டே வெளியே வந்தார், வெளியே நின்றவர் அதைக் கேட்டு அழுதார். அந்த வீட்டில் சிரிப்புக்கு இனி வேலை இல்லை என்றானபின், வேலை போன எவரும் செய்வதையே சிரிப்பும் செய்தது. சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது.

சொந்த ஊர் என்றதற்குக் காரணம் உண்டு. முதல் தொடரை எடுத்த காலத்தில் பட்டணத்து மக்களின் சிரிப்பு இயக்குநருக்குத் திருப்தியளிக்கவில்லை. அவர் தாயார் பூங்குழல்மங்கலத்தில் பிறந்தவர். ஆகவே அவர் இங்கிருந்து ஒரு பேருந்து நிறைய ஆணும் பெண்ணுமாக அழைத்துப்போய், ஒரே ஒரு பிற்பகலில் அவர்கள் சிரிப்பைப் பதிவுசெய்து, அதையே ஆண்டுக்கணக்கில் அளந்து அளந்து பரிமாறினார். ஆகவே திரும்பிவந்தது யார் என்று ஊருக்கு விளங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. மளிகைக் கடையில் பருப்பு விலை ஏறியதைக் கடைக்காரர் வருத்தத்துடன் சொன்னபோது எழுந்த சிரிப்பைக் கேட்டு, வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "இதோ, மூக்கால சிரிக்கிறாரே, அது எங்க மாமனார்," என்று முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதன்பின் ஊர் அந்தச் சிரிப்பைக் கொசுவையும் மின்வெட்டையும் போல் வாழ்வில் சேர்த்துக்கொண்டது. எவரேனும் கனத்த முகத்தோடு ஒன்றைச் சொன்னால் சிரிப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனதால், சொல்லிவிட்டுச் சற்று இடம் விடப் பழகினார்கள். மருத்துவர் "சர்க்கரை முந்நூறுக்கு மேலே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக் காத்திருந்து, அடங்கியதும் "இனிப்பை நிறுத்துங்கள்" என்று தொடர்ந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகி, அந்த வெட்கத்திலேயே அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்கள் அடிக்கு அடி நிறுத்தி, சிரிப்பு ஓய்ந்ததும் அடுத்த அடியை எடுத்தார்கள். இறந்தவரே தம் பங்குக்குச் சிரித்ததாக அவர் மகன் சொன்னான். சன்னிதியில் மட்டும், பெருமாளைப் பார்த்துச் சொன்ன எதற்கும் சிரிப்பு வரவில்லை. நடை சாத்தும் நேரமாயிற்று என்று பட்டாச்சாரியார் அடியார்களைப் பார்த்து அதட்டியபோது வந்தது.

இவ்வாறு இறந்தவர்கள் தத்தம் வீட்டுக்காரர்களால் அடையாளம் காணப்பட்டு, அந்தந்த வீட்டில் அவர்களுக்குப் பிடித்த பலகாரம் அடுப்பேறிய நாட்களில், ஊரில் ஒருவர் மட்டும் தம்முடையவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் சௌரிராஜன், கோயில் கட்டியக்காரர். புறப்பாட்டின்போது வெள்ளிக்கோலைப் பிடித்து முன்னே நின்று, பெருமாளின் பெருமைகளை ஒவ்வொன்றாக உரத்துச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் "பராக்!" என்று முழங்குவது அவர் கைங்கரியம். அந்தக் குரலின் கனம் அவர் வீட்டுக்குள்ளும் இறங்கியிருந்தது. மோர் கேட்டாலும் தேர் நிலையை விட்டுக் கிளம்புவது போலிருக்கும். அவர் மனைவி பெருந்தேவி அந்தப் பேருந்தில் போனவர்களில் ஒருத்தி. அவள் பரமபதித்து ஏழு ஆண்டுகள் ஆயின. அந்தச் சிரிப்பில் அவள் சிரிப்பும் இருந்தாக வேண்டும்; ஆனால் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏனெனில் கூடி வாழ்ந்த காலமெல்லாம் அவள் அவர் முன்னிலையில் ஒருமுறையும் சிரித்ததில்லை.

அடுத்த வீட்டுச் செங்கமலம் பெருந்தேவியின் தோழி. அவளும் பேருந்தில் போனவளே. சௌரிராஜன் வெட்கத்தை விட்டு அவளிடமே போய் நின்றார்.

"செங்கமலம், அவளோடது எது?"

"அது தெரியலையா அண்ணா உங்களுக்கு? எல்லாரும் ஓஞ்சப்பறம் பித்தளைக் குடம் படியில உருள்ற மாதிரி ஒண்ணு வருமே, அதுதான். கேளுங்கோ." அவள் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "ரேஷன்ல இந்த மாசம் பாமாயில் இல்லையாம்," என்றாள். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஓய்ந்தபின் ஒரு குடம் படி படியாக உருண்டு, கடைசிப் படியில் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

சௌரிராஜன் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு தாமே, தம் குரலில், "பாமாயில் இல்லையாம்," என்றார். கூட்டம் முன்னிலும் அதிகமாகச் சிரித்தது. குடம் உருளவில்லை.

அவர் வேறு எத்தனையோ சொல்லிப் பார்த்தார். மழை பொய்த்ததைச் சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். உலக நிலையாமையைச் சொன்னார். ஊரில் யார் எதைச் சொன்னாலும் உருளும் அந்தக் குடம், அவர் வாய் திறந்தால் மட்டும் அசையாமல் நின்றது.

"மாமா பாவம்," என்று தெரு பேசிற்று. "பொண்டாட்டி போயும் அவளுக்கு இவர்மேல பயம் போகல பாரு."

இதற்கிடையில் ஊர் அடுத்த கவலைக்குப் போயிருந்தது. பங்குனி உற்சவம் வந்தது. உற்சவத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தார் செலவேற்றுப் பெருமாளைத் தங்கள் மண்டபத்தில் எழுந்தருளச் செய்வது மண்டகப்படி. அன்றைக்கு அவர்களுக்கே முதல் மரியாதை. இத்தனை பேர் திரும்பி வந்திருக்கும்போது அவர்களுக்கு ஒரு மண்டகப்படி இல்லாமற்போவது தெய்வக் குற்றம் என்று சிலர் கிளப்ப, தர்மகர்த்தா கலியபெருமாள் கூட்டம் கூட்டினார்.

"எல்லா நாளுக்கும் ஆள் இருக்கு. எங்க அஞ்சாம் நாளை விட்டுத்தர முடியாது," என்றார் செக்குக்காரர்கள் தலைவர். "அதுவும் தலையே இல்லாதவங்களுக்குப் பரிவட்டத்தை எங்கே கட்டுவீங்க?"

"போன வருஷம் உங்க சார்பா வந்து நின்னவருக்கு மட்டும் தலை நின்னுதா? தூங்கித் தூங்கி விழுந்தாரு. பரிவட்டத்தைத் தரையிலேருந்து பொறுக்கிக் கட்டினோம்," என்றார் எதிர்வரிசையில் இருந்த ஒருவர்.

"ஆளுன்னு ஒண்ணு இருந்துதுல்ல?"

கலியபெருமாள் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "சம்பிரதாயத்துக்கு ஒரு குறைவும் வந்துடக் கூடாது."

பேருந்து முழுதும் சிரித்தது. சம்பந்தப்பட்டவர்களே ஒப்புதல் அளித்துவிட்டதாக அதை எடுத்துக்கொண்ட தர்மகர்த்தா, உற்சவக் களைப்புத் தீரப் பெருமாள் இளைப்பாறும் விடையாற்றி நாட்களில் ஒன்றைச் சிரிப்புக்கு ஒதுக்கி, பரிவட்டத்தை ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கட்டுவதென்று தீர்ப்பளித்தார். செக்குக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மாலைப் பிரசாதத்துக்குத் திரும்பிவந்தார்கள்.

அந்த நாள் குறித்த பிறகுதான் செய்தி வந்தது. அழுகிற குளியலறையை ஒருவரும் பார்க்கவில்லை, தொடரை நிறுத்துகிறார்கள், அதற்குப் பதிலாகப் பழைய சிரிப்புத் தொடரையே முதலிலிருந்து மறுபடி போடப்போகிறார்கள். சோகத் தொடரின் கடைசிப் பகுதி விடையாற்றியன்று மாலை. அத்தோடு சிரிப்புக்குப் பழைய வேலை கிடைத்துவிடும். கிடைத்தால் அது போய்விடும்.

சோகத் தொடரைப் பலர் பார்த்தால் நிறுத்தமாட்டார்கள் என்று ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. தொடரை வெறுத்தவர்களும் தொலைக்காட்சிக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தார்கள்; வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர்கள் பெட்டியை ஓடவிட்டுப் போனார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. சௌரிராஜன் முடிதிருத்தும் கடைக்குப் போய், அங்கே வழங்கும் வேடிக்கைக் கதைகளைக் கேட்டு மனப்பாடம் செய்து, அவற்றைக் கட்டியக் குரலில் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னார். "ஒரு ஊரில் ஒரு செவிடன் இருந்தான். அவன் சம்பந்தி வீட்டுக்குப் போனான்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அது ஓயக் காத்திருந்து, கண்ணை மூடிக் கேட்டார். உத்தரத்தில் பல்லி நகரும் சத்தம் மட்டும் வந்தது.

"நாளையோட போயிடுவா," என்றார் அவர் செங்கமலத்திடம். "எல்லாரும் கேட்டாச்சு. நான் மட்டும் அவளைச் சிரிக்கவெக்காதவனாவே போகணும்போல இருக்கு."

செங்கமலம் ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடையாற்றி மாலையில், பெருமாள் உபய நாச்சிமாரோடு மண்டபத்தில் எழுந்தருளி, களைத்த தோளுக்கு ஒற்றை மாலையும் நெற்றிக்குச் சிறு கஸ்தூரித் திலகமுமாக வீற்றிருக்க, அவருக்கு வலப்புறம் பரிவட்டம் கட்டிய ஒலிபெருக்கிக் கம்பமும், இடப்புறம் நாற்காலிமேல் தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தன. பெட்டியில் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் அழுது முடித்துவிட்டார்கள். சௌரிராஜன் வெள்ளிக்கோலோடு வந்து, பெருமாளுக்குரிய கட்டியத்தை ஓர் எழுத்துக் குறையாமல் சொல்லி முடித்தார். முடித்தவர் வழக்கம்போல் ஒதுங்கவில்லை. ஒலிபெருக்கிக் கம்பத்தின் பக்கம் திரும்பினார்.

"பூங்குழல்மங்கலம் தெற்கு மடவிளாகத்துத் திருமாளிகை வாழ் பெருந்தேவி நாச்சியார், பராக்!"

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தம் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்து எவரும் கேட்டதில்லை. வீட்டில் அவளுக்கு அவர் இட்ட பெயர் 'இந்தா' என்பது மட்டும்தான். மேலே இருந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

"விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் சாற்றிய பெருந்தேவி நாச்சியார், பராக்! ஒருநாளும் உப்பு மறவாமல் தளிகை செய்தருளிய பெருந்தேவி நாச்சியார், பராக்!"

சிரிப்பு வந்தது, குடம் வரவில்லை. பெருமாளின் பெருமைகளை மூச்சுவிடாமல் நாழிகைக் கணக்கில் சொல்லக் கூடியவர், கூட வாழ்ந்தவளைப் பற்றி மூன்று பராக்குக்குமேல் அறியாமல் கோலைப் பிடித்து நின்றார். பெட்டியில் ஒன்பதாவது ஆள் குளியலறைக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எதிர்வீட்டுக்காரியின் குரல் வந்தது. "அண்ணா, எங்காத்துப் பூனை கெணத்துல விழுந்தப்போ, கட்டிக்காத புதுப் பட்டுப்புடவையை இறக்கித் தூக்கினா. சொல்லுங்கோ."

"பட்டா? எலி கடிச்சுடுத்துன்னாளே?"

"பூனைதான் அண்ணா. சொல்லுங்கோ, நேரமாறது."

"கிணற்றுள் வீழ்ந்த மார்ஜாலத்தின் கூக்குரல் கேட்டுப் பட்டாடையை இறக்கி அபயம் அளித்த பெருந்தேவி நாச்சியார், பராக்!"

சிரிப்பால் மண்டபத்து விளக்குகள் ஆடின. இன்னொருத்தி எழுந்தாள். "ஏகாதசி அன்னிக்குப் பசி தாங்காம என்னோட மசால்வடை தின்னா."

சௌரிராஜன் கோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் பெருமாளைப் பார்த்தார். பெருமாள் இளைப்பாறிக்கொண்டிருந்தார். "ஏகாதசித் திதியில்," என்று தொடங்கி, விழுங்கி, "வெங்காயம் கலந்த மசால்வடை அமுது செய்தருளிய பெருந்தேவி நாச்சியார், பராக்!" என்று முடித்தார். பட்டாச்சாரியார் காதைப் பொத்திக்கொண்டார். விரல்களை மட்டும் சற்று விரித்து வைத்திருந்தார். குடம் அப்போதும் உருளவில்லை.

"செங்கமலம்," என்றார் சௌரிராஜன். "நீ ஒண்ணுமே சொல்லலையே."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லப்படாதுண்ணா. சத்தியம் வாங்கிண்டா."

"அவ போயே ஏழு வருஷமாச்சு."

"சத்தியம் போகலையே அண்ணா."

இதற்கும் மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டியில் கதவு திறந்தது. கடைசி ஆள் துண்டோடு உள்ளே போனான். சௌரிராஜன் கோலோடு செங்கமலத்தின் பக்கம் இரண்டடி வைத்தார். அவள் பெருமாளை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வடாம் பிழிய நாங்கள்லாம் மொட்டை மாடிக்குப் போவோமே, அங்க கரண்டியைக் கோல் மாதிரி பிடிச்சுண்டு உங்களை மாதிரியே கட்டியம் சொல்லுவா. கூழ் வடாம் பராக், ஜவ்வரிசி வடாம் பராக்னு. கீழே வந்தா உங்களைப் பாத்ததும் அது ஞாபகம் வந்துடும். சிரிச்சா தெரிஞ்சுபோயிடுமேன்னு கன்னத்தை உள்பக்கம் கடிச்சுப்பா. அப்படியே பழகிப்போச்சு அவளுக்கு." செங்கமலம் மூச்சு வாங்கினாள். "அன்னிக்குப் பட்டணத்துல எவன் வந்து என்ன கோணங்கி பண்ணினாலும் எங்களுக்குச் சிரிப்பு வரலை. டைரக்டர் கையைப் பிசைஞ்சுண்டு நின்னார். அப்போ பெருந்தேவிதான் எழுந்து, மைக்குக் கம்பைப் பிடிச்சுண்டு, உங்களைச் சொல்லிக் காட்டினா. அந்தச் சிரிப்புதான் அண்ணா இத்தனை வருஷமா ஊர் உலகமெல்லாம் கேட்டது. இப்போ திரும்பி வந்திருக்கறதும் அதேதான்."

மண்டபத்தில் இருந்தவர்கள் சௌரிராஜனைப் பார்க்கவும் அஞ்சி, தரையையும் தூணையும் பார்த்தார்கள். மேலே இருந்தவர்களும் என்ன ஆகப்போகிறதோ என்று சிரிக்காமல் காத்திருந்தார்கள். நாடு முழுதும், வீடு வீடாக, வாரம் தவறாமல் கேட்டுச் சிரித்த அந்தச் சிரிப்பு தம்மைப் பார்த்துச் சிரித்தது என்பதை, வெள்ளிக்கோலின் பூணை விரலால் தடவியபடி, சௌரிராஜன் தம்முள் வாங்கிக்கொண்டார். பிறகு உத்தரீயத்தைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, வாழ்நாளில் எந்தப் புறப்பாட்டிலும் எழுப்பியிராத கனத்தோடு குரலெடுத்தார்.

"கரண்டியே செங்கோலாக, மொட்டை மாடியே ஆஸ்தானமாக, வடாத்துக்கும் வற்றலுக்கும் கட்டியம் கூறி, கட்டிய கணவனைப் பரிகசித்து அருளிய, எங்கள் பெருந்தேவி நாச்சியார், பராக்! பராக்! பராக்!"

தேர் வரும்போது கூட்டம் இருபுறமும் ஒதுங்குவதுபோல் மற்றச் சிரிப்புகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. வழிவிட்ட இடத்தில், மேல் படியிலிருந்து, தனியாக, ஒரு பித்தளைக் குடம் உருளத் தொடங்கிற்று. படி படியாக உருண்டது. கடைசிப் படிக்கு வந்தும் நிற்காமல், துள்ளி, மறுபடி மேலேறி, மறுபடி உருண்டது. வெகு காலம் கன்னத்துக்குள் கடித்து வைத்திருந்தது அவ்வளவும் அதில் இருந்தது. சௌரிராஜன் முகத்தை உயர்த்தி, வாயைத் திறந்தபடி, மழையில் நிற்பவர் நனைவதுபோல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பெட்டியில் இசை ஓங்கி, எழுத்துகள் ஓடி, சலவைத்தூள் விளம்பரம் வந்தது. குடம் பாதிப் படியில் நின்றது.

கலியபெருமாள் எழுந்து, "இத்துடன் விடையாற்றி இனிதே நிறைவுற்றது," என்று ஆழ்ந்த துயரத்தோடு அறிவித்துவிட்டுப் பழக்கத்தால் இடம் விட்டார். ஒன்றும் வரவில்லை. ஒலிபெருக்கி மெல்ல இரைந்தது. எவரும் எழுந்து போகவில்லை.

"செங்கமலம்," என்றார் சௌரிராஜன். "அவ எப்படிச் சொன்னா? காட்டேன்."

"இங்கேயா? பெருமாளுக்கு முன்னாடியா?"

"அவரும் அதைக் கேட்டதில்லையே. கேக்கட்டும்."

அவர் வெள்ளிக்கோலை இரு கையாலும் அவளிடம் நீட்டினார். செங்கமலம் தயங்கி, பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்து, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். கோலை வாங்கித் தரையில் ஊன்றினாள். பிறகு மோவாயைக் கழுத்துக்குள் இழுத்து, புருவத்தை உயர்த்தி, வயிற்றிலிருந்து குரலைக் கனப்படுத்திக்கொண்டாள். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் கூட்டத்தில் எங்கோ ஒருவர் சிரித்துவிட்டார்.